“நெட்டு வரலீங்க” என்றால், எது வருகிறது?

கோயம்புத்தூரில் 2009-இல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் “நெட்டு வரலீங்க” என்பதுதான். மில், பனியன் கம்பெனி, பள்ளிக்கூடம், நகைக்கடை என்று ஊர் முழுக்க ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த ஒரு சின்ன நிறுவனம். அதில் கேபிள் இழுக்கிற பையனாகச் சேர்ந்தேன், அப்புறம் சுவிட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி) பார்க்கிறவன் ஆனேன், கடைசியில் யாருக்கும் பிடிபடாத கேஸ் வந்தால் வண்டியில் ஏற்றி அனுப்பப்படுகிறவன் ஆனேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பார்த்த அர்த்தங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மானிட்டர் வயர் கழன்றிருக்கும். பிரிண்டரில் பேப்பர் இருக்காது. பாஸ்வேர்டு மறந்திருக்கும். ஒரே ஒரு பேங்க் சைட் மட்டும் திறக்காமல் இருக்கும். எலி ஃபைபரைக் கடித்திருக்கும். நிஜமாகவே நெட் வராமல் இருப்பது இதில் ரொம்பக் குறைவு.

முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது. ரவுட்டரை அணைத்துப் போடு, சரியாகவில்லையா, சுவிட்சை அணைத்துப் போடு, அதுவும் இல்லையா, லைன் கொடுத்த கம்பெனிக்கு போன் போட்டுக் கத்து. பாதி நேரம் இது வேலை செய்துவிடும், அதுதான் ஆபத்து. ஏன் சரியானது என்று தெரியாமலேயே சரியாகிவிடுவதால் ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்படிப் போக முடியாத முதல் கேஸ் திருப்பூரில் வந்தது. அறுபது கம்ப்யூட்டர் இருக்கும் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, காலையில் இருந்து மொத்தமும் படுத்துவிட்டது. நான் போனேன், ரவுட்டரைப் பிடித்தேன். நாலு மணி நேரம் ரவுட்டரையும் மோடத்தையும் சுற்றிக்கொண்டிருந்தேன். லைன் கம்பெனிக்காரர்கள் “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்” என்று மூன்று தடவை சொன்னார்கள், நான் நம்பவில்லை. மத்தியானம் எங்கள் சீனியர் அண்ணன் வந்தார். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. சர்வர் ரூமில் இருந்த 24 போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை) சுவிட்சின் முன்னால் நின்று அரை நிமிடம் பார்த்தார். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில், இடைவெளியே இல்லாமல், வெறி பிடித்த மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன. மற்ற சுவிட்சுகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றாவதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின.

அந்தக் கேபிள் போன இடம் கட்டிங் செக்‌ஷன். சுவரில் ஒரு 8 போர்ட் சுவிட்ச். கூட்டும்போது யாரோ ஒரு கேபிளின் முனை தொங்குவதைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது என்று காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. லூப். நெட்வொர்க்கில் டேட்டா சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஐபி பாக்கெட் என்கிற அந்தப் பொட்டலத்துக்கு ஒரு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனால் பாக்கெட் செத்துவிடும். அதைச் சுமந்துகொண்டு சுவிட்சுகளுக்குள் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுளே கிடையாது. லூப்புக்குள் மாட்டிய ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் செய்தி) யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் எல்லாப் போர்ட்டிலும் நகல் எடுத்துத் தள்ளும். இதைத் தடுக்கத்தான் ராடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ என்கிற, லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் முறையை வடிவமைத்தார். ஆனால் சுவரில் மாட்டுகிற மலிவு சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. “பக்கத்து கம்ப்யூட்டருக்கு பிங் போட்டுப் பாத்தியா?” பிங் என்பது இன்னொரு மெஷினுக்கு “இருக்கியா?” என்று ஒரு குட்டிக் கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. போடவில்லை. “இன்டர்நெட் வரல” என்று அவர்கள் சொன்னார்கள், நான் இன்டர்நெட் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரே மேஜையில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவிலேயே ஒன்றும் போகவில்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், அது தெரிந்தால் ரவுட்டர் பக்கமே போயிருக்க வேண்டியதில்லை. “எது வரலன்னு அவங்க சொல்லுவாங்க. எது வருதுன்னு நீதான் கேக்கணும். வர்றதுக்கும் வராததுக்கும் நடுவுலதான் கோளாறு உக்காந்திருக்கும்” என்றார். அப்போது தலையாட்டினேன். உண்மையில் புரிய எட்டு வருடம் ஆனது.

ஒரு சின்ன கணக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஆறு சுவிட்ச் என்பதால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாற்பது இருந்தால் பாதியைக் கழற்றுங்கள், அடங்கியதா பாருங்கள், கோளாறு இருக்கிற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆறாவது தடவைக்குள் மாட்டிக்கொள்ளும்.

எட்டு வருடம் கழித்து வந்த கேஸை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நெட்வொர்க் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அதில் கற்றதுதான்.

2017. கோவையில் தலைமை அலுவலகம், ஈரோட்டில் கிளை, நடுவில் பல வருடமாக ஒரு லீஸ்டு லைன் (அந்த இரண்டு இடத்துக்கு மட்டுமான வாடகை இணைப்பு). செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு ஈரோட்டில் ஃபைபர் பிராட்பேண்ட் போட்டு, இரண்டு பக்க ஃபயர்வாலுக்கும் (நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவல் பெட்டி) நடுவில் ஐபிசெக் விபிஎன் (இன்டர்நெட் வழியாகவே போகும் மறைக்குறியாக்கிய தனிப் பாதை) கட்டிக்கொடுத்தோம். கட்டியது நான்தான். பிங் போட்டேன், பிரமாதமாகப் போனது. ஈஆர்பி (கோவை சர்வரில் ஓடும், பில், கணக்கு எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர்) லாகின் பக்கம் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை போன். ஈஆர்பி தொங்குகிறது. போனேன். பிங் நன்றாகப் போகிறது, ஒரு பாக்கெட் கூட விழவில்லை. லாகின் வருகிறது. உள்ளே போனால் சில திரைகள் வருகின்றன, சில வருவதே இல்லை. ஃபயர்வாலில் விதி ஏதாவது தடுக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சர்வரில் சிபியு பார்த்தேன், சும்மா இருந்தது. பிராட்பேண்ட் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் முழு வேகம். வெளியே எல்லா வெப்சைட்டும் திறக்கிறது. ஈஆர்பி விற்றவர்கள் “நெட்வொர்க் பிரச்சினை” என்றார்கள், நான் “அப்ளிகேஷன் பிரச்சினை” என்றேன். இந்தச் சண்டையை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

அங்கே கணக்கு பார்க்கும் ஓர் அக்கா இருந்தார். முதல் நாளே என்னிடம் சொன்னார்: “தம்பி, ஒரு பில்லு எடுத்தா வந்துருது. மாசக் கணக்கு எடுத்தாத்தான் சுத்திக்கிட்டே இருக்குது. நாங்க அனுப்புற ஃபைல் எவ்வளவு பெருசா இருந்தாலும் போயிருதுங்க.” நான் “சரிங்கக்கா, பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஃபயர்வால் லாகைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு நாள் வீண். அந்த அக்கா மூன்று வாக்கியத்தில் நோயையே சொல்லிவிட்டார், எனக்குத்தான் காது இல்லை. சின்னது வருகிறது, பெரியது வரவில்லை. ஈரோட்டில் இருந்து போவது போகிறது, கோவையில் இருந்து வருவது வரவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்றாம் நாள் டீக்கடையில் நின்றபோதுதான் உறைத்தது. விண்டோஸில் சும்மா பிங் போட்டால் அது அனுப்பும் டேட்டா 32 பைட். நான் இரண்டு நாளாக 32 பைட்டை அனுப்பிவிட்டு ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சைக்கிள் போகிறது, அதனால் லாரியும் போகும் என்கிற கணக்கு.

லாரியை விட்டுப் பார்ப்பது எப்படி என்றால், விண்டோஸ் பிங்கில் ஹைஃபன் எஃப் போட்டால் “இந்தப் பாக்கெட்டைத் துண்டாக்காதே” என்ற குறியோடு போகும், ஹைஃபன் எல் போட்டு அளவைக் கொடுக்கலாம். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்சம் 1500 பைட். அதில் ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி (பிங்கும் நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளும் போகும் வகை) தலைப்பு 8, மீதி 1472. ஈரோட்டில் இருந்து சர்வருக்கு 1472 போட்டேன். துண்டாக்க வேண்டியிருக்கிறது ஆனால் துண்டாக்காதே என்று குறி இருக்கிறது என்ற பதில் உடனே வந்தது. குறைத்துக்கொண்டே வந்தேன். 1394 போனது. 1395 போகவில்லை.

பேப்பரில் கணக்குப் போட்டால் அந்த எண் அப்படியே வருகிறது. பிராட்பேண்டில் லாகினுக்கான பிபிபிஓஇ உறை 8 பைட் எடுத்துக்கொள்கிறது, 1492. அதன் மேல் ஐபிசெக் தன் உறையைப் போடுகிறது, புதிய ஐபி தலைப்பு 20, ஐபிசெக்கின் சொந்த ஈஎஸ்பி தலைப்பு 8, ஏஇஎஸ் மறைக்குறியாக்கத்துக்கு ஆரம்ப மதிப்பு 16, கடைசியில் சரிபார்ப்பு 12, ஆக 56. மீதி 1436. ஏஇஎஸ் 16 பைட் கட்டியாகத்தான் மறைக்குறியாக்கும், அதனால் 1424-க்கு இறங்க வேண்டும், அதில் 2 பைட் நிரப்புதலின் விவரத்துக்குப் போகிறது. 1422. அதில் 28 கழித்தால் 1394. அந்தக் கணக்கு ஒத்துவந்தபோது டீக்கடை பெஞ்சில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

சரி, பாதை சிறியது, அது தெரிந்துவிட்டது. ஆனால் பாதை சிறியதாக இருப்பது ஒரு கோளாறே இல்லை, இன்டர்நெட் முழுக்க அப்படிப் பாதைகள் உண்டு. 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 என்கிற இன்டர்நெட் விதி ஆவணம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பெரிய பாக்கெட்டைத் தாங்காத ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு “இவ்வளவுதான் தாங்கும், சிறிதாக்கி அனுப்பு” என்று ஒரு ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்ப வேண்டும். வகை 3, குறியீடு 4. ஈரோட்டில் எனக்கு வந்தது அதுதான். அதே சோதனையைக் கோவை சர்வரில் உட்கார்ந்து ஈரோட்டை நோக்கிப் போட்டேன். 1394 போனது. 1395 போட்டால் எந்தச் செய்தியும் இல்லை, வெறும் டைம் அவுட். ஈரோட்டுக்குக் கடிதம் வருகிறது, சர்வருக்கு வரவில்லை.

கோவையில் சர்வருக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் ஒரு லேயர் 3 சுவிட்ச், அதாவது ரவுட்டர் வேலையும் பார்க்கிற சுவிட்ச். அதில் எப்போதோ ஒரு புண்ணியவான் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியில் பிங் கேள்வியையும் பதிலையும் மட்டும் அனுமதித்து மற்ற எல்லாவற்றையும் அடைத்திருந்தார். லீஸ்டு லைன் காலத்தில் 1500 முழுசாகப் போனதால் அந்தச் செய்திக்கு வேலையே வரவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. இப்போது சர்வர் பெரிய பாக்கெட் அனுப்புகிறது, ஃபயர்வால் அதைப் போட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறது, சுவிட்ச் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறது, சர்வர் மறுபடி அதே பாக்கெட்டை அனுப்புகிறது. பிங்கை மட்டும் திறந்து வைத்திருந்ததால் நாங்கள் எல்லாரும் ஐசிஎம்பி நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். வெளி வெப்சைட்டுகள் திறந்ததற்குக் காரணம், பிராட்பேண்ட் பக்கம் டிசிபி இணைப்பு (வெப் பக்கமும் ஃபைலும் போகிற வழி) ஆரம்பிக்கும்போதே அளவைக் குறைத்துப் பேசிவிடும் அமைப்பு இருந்தது. விபிஎன்னுக்கு நான் அதைப் போடவில்லை.

உறுதி செய்ய இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வயர்ஷார்க் (போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் சாஃப்ட்வேர்) ஓடவிட்டேன். (இரண்டு கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் கேப்சரை ஒப்பிடுவது நரகம்.) சர்வர் பக்கம் ஒரே பாக்கெட் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டு. ஈரோடு பக்கம் அந்தப் பாக்கெட் ஒரு முறை கூட இல்லை, ஆனால் அதற்குப் பின்னால் வந்த குட்டி வால் பாக்கெட் மட்டும் வந்து சேர்ந்திருந்தது, முந்தைய துண்டு காணவில்லை என்ற குறிப்போடு. அக்கா சொன்ன அதே விஷயம், படமாக. இதில் ஒரு எச்சரிக்கை: சர்வரிலேயே எடுத்த கேப்சரில் 1500-ஐத் தாண்டிய ராட்சத பாக்கெட் தெரிந்தால் மிரள வேண்டாம். நெட்வொர்க் கார்டு பின்னால் அதை வெட்டி அனுப்பும், வயர்ஷார்க் வெட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுகிறது. நான் அதில் ஒரு மணி நேரம் தொலைத்தேன்.

முதலில் சுவிட்சில் அந்த ஐசிஎம்பி வகையைத் திறந்தேன், வேறு எதையும் தொடவில்லை. மாசக் கணக்கு வந்தது. அப்புறம், நாளைக்கு வேறு யாராவது மறுபடி அடைத்தாலும் இருக்கட்டும் என்று ஃபயர்வாலில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்சம்) 1360 என்று வைத்தேன். கணக்குப்படி, 1422-இல் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போக, 1382 வரை போகலாம், கொஞ்சம் இடம் விட்டேன்.

“வேறு எதையும் தொடவில்லை” என்று சொன்னேனே, அந்தப் புத்தி எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வந்தது. கம்ப்யூட்டர் லேபில் ஃபைல் காப்பி நத்தை மாதிரி. நான் கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், டிரைவரைப் புதுசாக்கினேன், சுவிட்ச் போர்ட்டின் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாமா, மாறி மாறியா என்பது) கையால் நிர்ணயித்தேன், எல்லாம் அரை மணிக்குள். சரியாகிவிட்டது. கிளம்பினேன். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை, நான் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் நாலில் எது மருந்து என்று எனக்கே தெரியாது. நடந்தது என்னவென்றால், லேபுக்குப் போகும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) 100 ஃபுல் (100 எம்பிபிஎஸ், இரு பக்கமும் ஒரே நேரத்தில்) என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது, சுவிட்ச் ஆட்டோவில், அதாவது எதிரே இருப்பதோடு பேசித் தானே முடிவு செய்யும் நிலையில், இருந்தது. எதிரே ஆட்டோ பேசாவிட்டால் சுவிட்ச் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழி இல்லை, ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் பேசிக்கொண்டே கேட்கிறது, மறுபக்கம் அவர் பேசினால் நான் பேசக் கூடாது என்று நினைக்கிறது. பிங் நன்றாகப் போகும், பாரம் ஏறினால் நொறுங்கும். நான்காவது மாற்றம்தான் அதைச் சரி செய்தது, ஆனால் கான்ஃபிகை (மாற்றிய அமைப்புகளை) சேமிக்கவில்லை. யுபிஎஸ் பேட்டரி இறங்கி சுவிட்ச் அணைந்து எழுந்தபோது என் மருந்தும் போய்விட்டது.

இந்தக் கோளாறைச் சுவிட்சின் கவுன்ட்டரிலேயே (பிழைகளை எண்ணி வைக்கும் கணக்கு) பார்க்கலாம். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த ஃபிரேம்) ஏறும். ஆனால் கவுன்ட்டர் பார்ப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். நாலாயிரம் சிஆர்சி பிழை என்று பார்த்தவுடன் குதிக்காதீர்கள், அது மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ கேபிளை ஆட்டியதில் வந்ததாக இருக்கலாம். பூஜ்யமாக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

நேரம் பார்த்து வரும் கோளாறுகள் தனி ரகம். ஒரு நகைக்கடையில் தினமும் காலை ஒன்பதே காலுக்குச் சில பில்லிங் கவுன்ட்டர்கள் மட்டும் சர்வரை இழக்கும், சில கவுன்ட்டர்களுக்கு ஒன்றுமே ஆகாது. சில நாள் அவை தானாகவே சரியாகும். இதில் எது வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் “ராத்திரி முழுக்க நன்றாக இருக்கிறது” என்பது. ஒன்பதே காலுக்கு என்னதான் நடக்கிறது என்று கடைக்குள் நின்று பார்த்தேன். கடை திறக்கிறார்கள், ஆட்கள் வருகிறார்கள், கைரேகை மெஷினை ஆன் செய்கிறார்கள். அந்த மெஷினை மாட்டியவர் அதற்குக் கொடுத்திருந்த ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்), சர்வரின் ஐபி. இழந்த கவுன்ட்டரிலும் இழக்காத கவுன்ட்டரிலும் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் சொந்த எண், என்ற பட்டியல்) எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே ஐபிக்கு இரண்டு வேறு மேக் முகவரி இருந்தது. மேக் முகவரியின் முதல் மூன்று இரட்டைகள் தயாரித்த கம்பெனியைக் காட்டும், அதை வைத்தே மெஷினைப் பிடித்துவிடலாம். ஐபி மோதல் என்று சர்வர் திரையில் தினமும் எச்சரிக்கை வந்திருக்கிறது, ஆனால் அந்தத் திரையை அணைத்து வைத்திருந்தார்கள்.

அதனால்தான் “சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா” என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். பதில் எப்போதும் “ஒன்னுமே மாத்தலீங்க”. பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு அது மாற்றமாகவே தெரிவதில்லை. “போன வாரம் எலக்ட்ரீசியன் வந்தாருங்களா? ஏசி மாட்டினாங்களா? மேஜையை நகத்தினீங்களா? கேமரா புதுசா போட்டீங்களா?” என்று கேட்டால் கதை கதையாக வரும். அப்புறம் யாருக்கெல்லாம் வருகிறது, வயரிலா வைஃபையிலா, சைட்டின் பெயர் போட்டால் வரவில்லையா, ஐபி எண் போட்டாலும் வரவில்லையா, சின்ன ஃபைலா பெரிய ஃபைலா. இதையெல்லாம் இப்போது போனிலேயே கேட்டுவிடுவேன், வண்டி எடுப்பதற்கு முன்னால். 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் எனக்கு வரிசையாக போன், எல்லாரும் “நெட்டு வரலீங்க”. யூடியூப் வருதுங்களா? வருது. பேங்க் சைட்? வருது. அப்போ எது வரல? வாட்ஸ்அப். அன்றைக்கு ஃபேஸ்புக் தன் முதுகெலும்பு நெட்வொர்க்கைப் பராமரிப்பு வேலையில் தானே துண்டித்துக்கொண்டு, அதன் டிஎன்எஸ் (சைட்டின் பெயரை ஐபி எண்ணாக மாற்றிச் சொல்லும்) சர்வர்களுக்கான வழி அறிவிப்புகளும் இன்டர்நெட்டில் இருந்து மறைந்து, சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க ஆள் இல்லாமல் போயிருந்தது. யார் வீட்டு ரவுட்டரையும் நான் அணைத்துப் போடச் சொல்லவில்லை என்பதில் ஒரு சின்ன பெருமை.

இன்னும் இரண்டு அவமானங்கள் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும்.

ஒன்று, ட்ரேஸ்ரூட், அதாவது பாக்கெட் போகும் வழியில் இருக்கிற ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை. லைன் கொடுத்த ஒரு கம்பெனியோடு நான் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன், உங்கள் ஐந்தாவது ரவுட்டரில் 60 சதவீதம் பாக்கெட் விழுகிறது, இதோ பாருங்கள் என்று. எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்: “ஆறாவது, ஏழாவதுல எவ்வளவு சார் விழுது?” பூஜ்யம். ஐந்தாவதில் நிஜமாகவே விழுந்தால் அதைத் தாண்டிப் போகிற எல்லாவற்றிலும் அந்த நஷ்டம் தெரிய வேண்டும். ரவுட்டருக்கு பாக்கெட்டைக் கடத்துவதுதான் வேலை. அதற்கே நேரடியாகக் கேள்வி அனுப்பினால் நேரம் இருந்தால் பதில் சொல்லும், இல்லாவிட்டால் விட்டுவிடும். கடைசி வரை தொடர்கிற நஷ்டம் மட்டுமே நஷ்டம். ஒரு ரவுட்டர் பதில் சொல்லாமல் நட்சத்திரக் குறி வந்தால் பாதை உடைந்தது என்றும் அர்த்தம் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அப்புறம் பல வருடம் அவர் எனக்கு நல்ல நண்பர்.

இரண்டு, இதுவும் ஈரோடுதான். ராத்திரி பதினோரு மணிக்குக் கோவையில் வீட்டில் உட்கார்ந்து அங்கிருந்த ரவுட்டரில் ஒரு அணுகல் விதியை (யாரை உள்ளே விடலாம் என்ற விதி) மாற்றினேன். என் சொந்த இணைப்பையே அடைத்துக்கொண்டேன். எண்டர் தட்டிய விரல் கீழே இருக்கும்போதே புரிந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு அலுவலகம் திறக்க வேண்டும், நூறு கிலோமீட்டர், முதல் பஸ் பிடித்துப் போய் கன்சோல் கேபிள் (ரவுட்டரில் நேரடியாகச் செருகி அமைப்பை மாற்றும் கேபிள்) மாட்டி எடுத்தேன். சிஸ்கோ ரவுட்டரில் தூரத்தில் இருந்து வேலை செய்தால், தொடுவதற்கு முன்னால் ரீலோட் இன் 10 என்று கட்டளை கொடுத்துவிடுங்கள். மாற்றத்தைச் சேமிக்காமல் செய்யுங்கள். வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் அது தானாக அணைந்து பழைய கான்ஃபிகோடு எழும். நன்றாகப் போனால் ரீலோட் கேன்சல், அப்புறம் சேமிப்பு. கேன்சல் செய்ய மறப்பதும் உண்டு, அதையும் ஒரு முறை செய்திருக்கிறேன், ஆனால் அதற்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் எந்த சர்டிஃபிகேட் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். படியுங்கள், நல்லதுதான், சப்நெட் கணக்கு (ஐபி முகவரிகளைக் குழுக்களாகப் பிரிப்பது) கையில் வரும். ஆனால் நீங்கள் உடைத்துப் பார்க்காத ஒன்றை வாடிக்கையாளர் இடத்தில் பதற்றத்தோடு முதல் முறை பார்ப்பது ரொம்பக் கஷ்டம். ஒரு பழைய மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடியது) வாங்குங்கள், சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். அது முடியாவிட்டால் கம்ப்யூட்டருக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் ஜிஎன்எஸ்3 இருக்கிறது. எம்டியுவைக் (பாக்கெட்டின் உச்ச அளவு) குறைத்து ஐசிஎம்பியை அடைத்து, அது எப்படித் தொங்குகிறது என்று வயர்ஷார்க்கில் பாருங்கள். ஒரு முனையை 100 ஃபுல் என்று கட்டிவைத்து மறுமுனையை ஆட்டோவில் விடுங்கள். லினக்ஸில் நெட்வொர்க் கோளாறைச் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் வைத்து இரண்டு சதவீதம் பாக்கெட்டை வேண்டுமென்றே தொலையுங்கள், ஃபைல் காப்பி எவ்வளவு படுக்கிறது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இன்னொன்று, எல்லாம் நன்றாக இருக்கிற நாளில் ஒரு கேப்சர் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாமல் காய்ச்சல் நாளில் மட்டும் கேப்சரைப் பார்த்தால் எல்லாமே வியாதியாகத் தெரியும். நான் பராமரிக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன், கூடவே அந்த இடத்தின் சுவிட்ச் போர்ட்டுகளின் போட்டோவும்.

லூப்பும் போட்டுப் பாருங்கள், அந்த விளக்குகள் ஒன்றாக மினுக்குவதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்தால் அப்புறம் மறக்காது. ஆனால் அந்த சுவிட்சை முதலில் வீட்டு ரவுட்டரில் இருந்து பிரித்துவிடுங்கள். நான் பிரிக்காமல் போட்டதில் பக்கத்து அறையில் என் தங்கையின் ஆன்லைன் இன்டர்வியூ பாதியில் நின்றது, அவர்கள் மறுபடி கூப்பிடும்வரை ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.